நடுவில் வைக்கும் பெட்டி

...ஆளுயர டவர் ஸ்பீக்கரா, இல்லை அலமாரி மேல் வைக்கிற சின்னப் பெட்டியா, இதைப் பன்னிரண்டு மணிக்குள் முடிவு பண்ணியாக வேண்டும், பன்னிரண்டுக்கு நிதாய் மிஸ்திரி போன் பண்ணுவான், இன்றைக்கு அளவு சொல்லாவிட்டால் நாளையிலிருந்து பூஜைப் பந்தல் வேலைக்குப் போய்விடுவான், அப்புறம் காளி பூஜை முடிந்துதான் ரம்பத்தைக் கையில் எடுப்பான், கல்கத்தாவில் எந்தத் தச்சனைக் கேட்டாலும் இதே பஞ்சாங்கம்தான். மஹாதேவன் சாப்பாட்டு மேஜை மேல் இரண்டு வரைபடங்களையும் விரித்து, மூலைகள் சுருளாமல் ஊறுகாய் பாட்டிலையும் உப்பு ஜாடியையும் வைத்திருந்தார். மணி பத்தரை. ஞாயிற்றுக்கிழமை. சால்ட் லேக் பிளாக் மைதானத்தில் பந்தலுக்கு மூங்கில் அடிக்கிற சத்தம், டம் டம் என்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது, ஆஹா, சத்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கிடர்பூரில் கப்பல் ரிப்பேர் பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ரிடையரானவர், கையால் ஏதாவது செய்யாமல் உட்கார்ந்தால் உடம்பு அரிக்கும், கடையில் ரெடிமேடாக விற்கிறதே என்று யாராவது சொன்னால் போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

இத்தனையும் ஜெயலக்ஷ்மிக்காகத்தான், இல்லையா? அவளுக்குத்தான் டிவியில் பேசுகிறது சரியாகப் புரிவதில்லை, இரண்டு வருஷமாக எந்தப் படம் போட்டாலும் கீழே எழுத்து ஓடவேண்டும், தமிழ்ப் படத்துக்குக்கூட, தமிழச்சிக்கு எதற்கு எழுத்து? வயசாகிறது பாவம், ஐம்பத்தெட்டு... அவளுக்கு ஒரு நல்ல ஹோம் தியேட்டர் கட்டிக்கொடுத்து, தீபாவளிக்கு ஒரு படம் போட்டு, எழுத்தை அணைத்துவிட்டு, எப்படி என்று புருவத்தை உயர்த்தவேண்டும், அந்த ஒரு புருவ உயர்த்தலுக்காக மூன்று மாசமாக இன்டர்நெட்டில் முகம் தெரியாத மனிதர்களோடு மல்லுக்கு நிற்கிறார். டவர் என்றால் கீழ் ஸ்தாயிக்கு எட்டு இஞ்ச் வூஃபர் பக்கத்துக்கு இரண்டு, சோபாவே அதிரும். சின்னப் பெட்டி என்றால் ஆறு இஞ்ச் ஒன்று, உச்சி ஸ்தாயிக்கு விரல்நுனி அளவு ஒரு ட்வீட்டர், அதே மாதிரி மூன்றாவது ஒன்றைப் படுக்கப்போட்டு டிவிக்குக் கீழே நடுவில், பேச்சுக்கு மட்டும். நடுப்பெட்டிதான் உயிர், மற்றதெல்லாம் பந்தா என்று ஒருத்தன் எழுதியிருந்தான். ஆனால் இதே பைத்தியம் பிடித்த நண்பர் சாய்ராம் வீட்டில் அந்தச் சின்னப் பெட்டியைப் போட்டுக் காட்டினபோது என்ன இருந்தது? கம்பளி போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி மந்தமாக இருந்தது, மற்ற நாலு பேரும் ஆஹா ஓஹோ என்றார்கள், ஜால்ராக்கள், சாய்ராம் வீட்டு ஃபில்டர் காபிக்காக எதையும் சொல்வார்கள். மஹாதேவன் காது பொய் சொல்லாது. பட்டறையில் ஓடுகிற எஞ்சினில் எந்த பேரிங் போயிருக்கிறது என்று பத்தடி தள்ளி நின்று சொல்லுவார், கூட வேலை பார்த்த மாரியப்பன் முதல் அத்தனை பேரும் சாட்சி.

அந்த ட்வீட்டரைச் சொல்லவேண்டும், அதில்தான் வயிற்றெரிச்சல். சாந்த்னி மார்க்கெட்டில் ரஞ்சன் கடையில் வாங்கினது, வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டி போனிலிருந்து ஸ்வீப் விட்டார், கீழ் ஸ்தாயியில் ஆரம்பித்து மேலே மேலே ஏறிக்கொண்டே போகிற ஒரே ஒரு கம்பிச் சத்தம், மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்டது, நாலாயிரத்தில் தேய்ந்தது, அப்புறம் ஒன்றுமில்லை, செத்த சாமான். திருப்பிக்கொண்டு போனார். ரஞ்சன் மாட்டிப் பார்த்து, டீக் ஆச்சே தாதா, நல்லாத்தான் இருக்கு என்றான், அந்தச் சந்தின் கூச்சலில் யாருக்கு என்ன கேட்கும், என்னிடமே கதை விடுகிறாயா என்று மஹாதேவன் எகிறினார், அவன் ஒரு மாதிரி பார்த்தான், பார்த்துவிட்டு வாதாடாமல் வேறொன்று கொடுத்தான். அதுவும் செத்தது. மறுபடி போனார், மறுபடி அதே பார்வை, மறுபடி வேறொன்று, கூடவே ஒரு மண்குவளை டீ. அந்த டீயை எதற்குக் கொடுத்தான்? குற்ற உணர்ச்சி, வேறென்ன. இப்போது மேஜையில் இருப்பது மூன்றாவது, இதுவும் செத்திருந்தால் சின்னப் பெட்டியே வேண்டாம், டவர்தான், அதற்கு வேறு கம்பெனி ட்வீட்டர், கதை முடிந்தது.

ஜெயா சமையலறையில் இருந்தாள், குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. அவளும் முன்போல் இல்லை, எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிறாள், டவலைக் காயப்போடுங்கோ என்பதைக்கூட ஊரைக் கூட்டுகிற மாதிரி சொல்கிறாள், கல்யாணமான புதிதில் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாது, இப்போது என்னவோ... இல்லாவிட்டால் பேசுவதே இல்லை. போன மாசம் ஒருநாள் மழை விட்ட சாயங்காலம், பால்கனியில் துணி மடித்துக்கொண்டே ஏதோ சொன்னாள், இவர் வரைபடத்தில் இருந்தார், வழக்கம்போல ம் என்றார், அவள் கொஞ்ச நேரம் இவரையே பார்த்தாள், அப்புறம் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள், அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் ஒரு வார்த்தை இல்லை. உங்கம்மாவுக்கு இப்பல்லாம் கோபம் ஜாஸ்தியாயிடுத்துடா என்று புனேயில் இருக்கிற அக்ஷயிடம் சொன்னபோது அவன், அப்பா நீங்களும் ஒருதரம் டாக்டரை... என்று என்னமோ முணுமுணுத்தான், லைன் சரியில்லை, இந்தப் பையன் வாயைத் திறந்தே பேசமாட்டான்.

சரி, ஆகட்டும். ஒயரை மாட்டினார், கபாசிடரைச் சரி பார்த்தார், ஸ்வீப் விட்டார். ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம்... தேய்ந்தது... போச்சு. செத்தது. ராஸ்கல், மூன்றாவது தடவை! குனிந்து காதை ஒட்டி வைத்தார், ஒன்றுமில்லை, சத்தத்தைக் கூட்டினார், ஒன்றுமில்லை, இன்னும் கூட்டினார். சமையலறை வாசலில் ஜெயா, ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் சுருங்கி, ஏன்னா, என்ன கண்றாவி இது, நிறுத்துங்கோளேன், காதைத் துளைக்கறது. அவர் போனைப் பார்த்தார். எட்டாயிரம். எட்டாயிரத்து நூறு. எண் நகர்ந்துகொண்டே இருந்தது. உனக்கு... கேக்கறதா? கேக்காம என்ன, தெருக்கோடி வரைக்கும் கேக்கும். நிறுத்தினார். அவள் கையை எடுத்தாள். மறுபடி விட்டார், வேண்டுமென்றே அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜெயா, சத்தம் வந்தா சொல்லு, நின்னா சொல்லு, ஒரு நிமிஷம். வந்துது, என்றாள். நின்னுது. வந்துது. நின்னுது. பத்தாயிரத்தில்கூட வந்தது, பன்னிரண்டாயிரத்தில், ஏதோ கொசு மாதிரி இருக்கு, என்றாள். அவருக்கு விசிறிச் சத்தம் மட்டும்தான்.

நீ... கீழே எழுத்து போட்டுக்கறயே, படத்துல, அது எதுக்கு? என்று கேட்டார், கேட்டபிறகுதான் கேட்டிருக்கவேண்டாமோ என்று தோன்றியது. அவள் கரண்டியிலிருந்து புறங்கையில் சொட்டின குழம்பைத் துடைத்தாள். எனக்கு எதுக்கு? என்றாள், அவ்வளவுதான், ஒரு கேலி இல்லை, ஒரு குத்தல் இல்லை, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மஹாதேவன் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக... அவருக்காக... ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே இந்த மனுஷி. அப்போ அந்தச் சத்தம்? டவலைக் காயப்போடுங்கோ? ஐயோ, அது கோபமே இல்லையா? எட்ட வேண்டுமே என்று போட்ட சத்தமா? கோபக்காரி என்று பெற்ற பிள்ளையிடமே பட்டம் கட்டிக் கொடுத்தாயே மஹாதேவா! வாசலில் குருவி மாதிரி கூவுகிற பெல், அடிக்காமலே போய்விட்டான் என்று கூரியர்காரர்களை எத்தனை முறை திட்டியிருக்கிறார். ரஞ்சனின் பார்வை. அந்த டீ. பாவம், அவன் மூன்று நல்ல சாமானைக் கொடுத்திருக்கிறான், மூன்றையும் செத்தது என்று ஒரு செவிடன்... சீ, அந்த வார்த்தை வேண்டாம், கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான், பட்டறைச் சுத்தியல் சத்தத்தில் யாருக்குத்தான் மந்தமாகாது. வெட்கமாக இருந்தது. ஆனால் ஆச்சரியமாக, உள்ளுக்குள் எங்கேயோ லேசாகவும் இருந்தது, ஜெயாவுக்குத் தன்மேல் கோபம் இல்லை என்பது தெரிந்ததனால் இருக்கலாம்.

மைதானத்தில் மூங்கில் சத்தம் டம் டம் என்று போய்க்கொண்டிருந்தது, அது மட்டும் முழுசாகக் கேட்டது, டவர் ஏன் பிடித்தது என்றும் இப்போது புரிந்தது, தனக்கு மிச்சம் இருக்கிற காதுக்கு ஏற்ற பெட்டியை அவளுக்கென்று சொல்லிக்கொண்டு கட்டப் பார்த்திருக்கிறார். போன் மேஜையில் அதிர்ந்தது, நிதாய், போலுன் தாதா, அளவு சொல்லுங்க. நிதாய், முதல்ல ஒரே ஒரு பெட்டி, படுக்கப்போடறது, நடுவிலே, பேச்சுக்கு மட்டும், என்று உடைந்த பெங்காலியில் சொல்லி, அகலம் உயரம் ஆழம் மூன்றையும் படித்தார், அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லி இரண்டு தடவை சரி பார்த்தார், மற்ற ரெண்டைக் காளி பூஜைக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். மந்தமாக இருந்தது என்று சொன்ன அதே பெட்டிதான். ஜோடிக்கப்போவது அவர் கை, சரியாகப் பேசுகிறதா என்று கேட்டுச் சொல்லப்போவது அவள் காது, அவரால் எழுத்தை அணைக்க முடியுமோ முடியாதோ, பார்ப்போம், டாக்டரையும் பார்க்கவேண்டும்.

போனை வைத்துவிட்டு சமையலறை வாசலுக்குப் போனார். ஜெயா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், முதுகுதான் தெரிந்தது, ஏதோ சொன்னாள். ம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, எத்தனை வருஷத்துப் பழக்கம், விழுங்கினார், போய்க் குழாயை மூடினார். என்ன சொன்னே? அவள் திரும்பி, சாதம் ஆயிடுத்து, உக்காருங்கோன்னேன், என்று உரக்கச் சொன்னாள். சரி என்றார். நகரவில்லை. போன மாசம் பால்கனியில்... என்று ஆரம்பிக்கப் போனார், கை குழாயின் மேலேயே இருந்தது. டவலைப் பற்றியோ சாதத்தைப் பற்றியோ என்றால் அவள் கத்தித்தான் சொல்லியிருப்பாள், அவளுக்குத்தான் தெரியுமே, அவருக்கு எட்டாது என்று. தெரிந்தும் அன்றைக்கு மெதுவாகச் சொன்னாள். கத்திச் சொல்ல முடியாத எதையோ சொன்னாள், அவர் ம் என்றார்.