பூமாரியைத் தூக்கும் மாமன்

பேச்சிராஜா நாள் முழுக்கத் தூக்குகிற பெரிய பாரம் மூக்குக் கண்ணாடி. தாதரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. பி.காம். படித்தவன். சட்டையை ஆணியில் மாட்டினாலும் அவன் மேல் மாட்டினாலும் ஒரே மாதிரிதான் தொங்கும்.

இப்பேர்ப்பட்டவன் ஒரு கல்யாணப் பெண்ணைத் தூக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் குடும்ப வழக்கம் அது. தாலி கட்டுவதற்கு முன் தாய்மாமன் பெண்ணைக் கைகளில் ஏந்தி மணவறையை மூன்று முறை வலம் வந்து உட்கார வைக்க வேண்டும். நடுவில் இறக்கினால் மாமன் தூக்கியதாகக் கணக்கில்லை. பெண் பூமாரி, அக்கா மகள். அக்கா இப்போது இல்லை. தாய்வழியில் பூமாரிக்கு மிச்சம் இருப்பது பேச்சிராஜா ஒருவன்தான். பூமாரி நல்ல வளர்த்தி. தராசில் இரண்டு பேரையும் வைத்தால் மாமன் தட்டு கூரையில் போய் இடிக்கும்.

தாராவி வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிய அன்றே பேச்சு வந்துவிட்டது. ஆரம்பித்தவள் பூமாரியின் அப்பா வழிப் பெரியம்மை பிரேமலதா.

"பேச்சி தம்பிக்கு எதுக்குச் சிரமம்? எங்க கணேசன் தூக்கட்டும். அண்ணன் முறைதான. ஒரு கையில தூக்கிருவான்."

அவள் மகன் கணேசபாண்டியன் வடாலாவில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவன். அம்மா பேசியது காதில் விழாதவன்போலக் கேசரி தின்றுகொண்டிருந்தான்.

"மாமா இருக்கும்போது அண்ணன் எதுக்கு?" என்றாள் பூமாரி.

"இருக்கான் தாயி. பக்கவாட்டுல நின்னா எங்க இருக்கான்னு தேட வேண்டியிருக்கு."

வீடே சிரித்தது. பேச்சிராஜாவும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "நான்தான் தூக்குவேன்" என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

பூமாரி அவனை மாடிப்படியில் பிடித்தாள்.

"மாமா, அம்மா பக்கத்துல இருந்து நீ ஒரு ஆளுதான். கணேசண்ணன் தூக்க வந்தா நான் நடந்தே போயிருவேன். சொல்லிட்டேன்."

"தூக்குவேன்னுதான சொன்னேன்."

"கீழ போட்டுராத. மேக்கப் கலைஞ்சிரும்."

அப்போது ஆவணி. கல்யாணம் தையில்.

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பைசான் ஒரு ஜிம் வைத்திருந்தான். கீழே பை தைக்கிற பட்டறை, மேலே ஜிம். கீழே மெஷின்கள் ஓடினால் மேலே தண்டால் எடுக்கிறவனுக்கு மூக்கு நுனி அதிரும். போன வருடம் உம்மாவோடு மக்காவுக்கு உம்ரா போய் வந்ததிலிருந்து பைசான் எல்லாவற்றிலும் நிதானமாகிவிட்டான்.

"எவ்வளவு தூக்கணும் மச்சான்?"

"பூமாரிய."

பைசான் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். பிறகு ஒரு வெறும் கம்பியைக் காட்டினான். தகடு எதுவும் இல்லாத கம்பி.

"இதுலயிருந்து ஆரம்பி."

"வெறும் கம்பியா? அசிங்கமா இருக்குலே."

"தூக்கிட்டு அசிங்கப்படு."

தூக்கினான். கம்பி இடதுபக்கம் போனது, அவன் வலதுபக்கம் போனான். பெஞ்சில் கிடந்த பையன், "பாய், கம்பி தப்பிச்சு ஓடுது" என்றான்.

மறுநாள் லோக்கல் ரயிலில் அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. தாதர் வந்தது. எழுந்திருக்கத் தொடைகள் சம்மதிக்கவில்லை. பரேல் வரை உட்கார்ந்தே போனான். அங்கே இரண்டு மீன்காரப் பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வாழ்க்கை எளிதாகிவிட்டது. குனியாதே, இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார். முதுகு பலகை மாதிரி இருக்கட்டும். கம்பி காலை உரசிக்கொண்டு வர வேண்டும். ஒரு நாள் தூக்கினால் மறுநாள் ஓய்வு. வாராவாரம் சின்னத் தகடு ஒன்று கூடும், பெரிய தகட்டுக்கு ஆசைப்படக் கூடாது. டப்பாவில் விற்கிற புரோட்டீன் பவுடர் வேண்டுமா என்று கேட்டதற்குப் பைசான், "முதல்ல சோத்த ஒழுங்காத் தின்னு" என்றான். தின்றான். முட்டை தின்றான், மீன் தின்றான், கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டே வேர்க்கடலை தின்றான். தீபாவளிக்குச் சட்டைக் கை கொஞ்சம் பிடித்தது. குளியலறைக் கண்ணாடி முன் கையை மடக்கி மடக்கிப் பார்த்தான். வெளியே தண்ணீர் நின்றுவிடும் என்று கதவைத் தட்டினார்கள்.

மார்கழியில் பைசான் சொன்னான்: "கம்பிக்குப் பிடி இருக்கு. பூமாரிக்கு இல்ல. இனி ஆளத் தூக்கு."

"யார?"

பைசான் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தான்.

பேச்சிராஜா பைசானை ஏந்திக்கொண்டு, நடுவில் இருந்த இரும்பு மெஷினை, அவன் கை காட்டிய பக்கமாகச் சுற்றினான். தினமும் சுற்றினான். பட்டறைப் பையன்கள் வேலையை விட்டு மேலே வந்து ஸ்பாஞ்சுத் துணுக்குகளை அட்சதையாகத் தூவினார்கள். பைசான் வெட்கப்பட்டான். பேச்சிராஜாவின் கால்கள் யோசிக்காமலே நடக்கப் பழகின.

கல்யாணம் செம்பூரில் ஒரு மண்டபத்தில். பட்டு, நகை, மாலை எல்லாம் சேர்ந்து பூமாரி இன்னும் கொஞ்சம் கூடியிருந்தாள். பேச்சிராஜா இடுப்பைப் பின்னால் தள்ளினான். மூச்சை இழுத்தான். பூமாரி தரையை விட்டு எழுந்தாள்.

குலவை மண்டபத்தைப் பிளந்தது. பிரேமலதாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அவன் நடந்தான். ஒரு சுற்று. கால்கள் தாமாகவே போயின. இரண்டாவது சுற்றில் பாதி வந்தபோது குலவை நின்றது. நாதஸ்வரமும் நின்றது.

"ஏல, இடமால்லா சுத்துதான்" என்றாள் பிரேமலதா.

அவன் நின்றான். மணவறை அவனுக்கு இடதுபக்கம் இருந்தது. அந்தப் பக்கமாக அவன் கடைசியாகச் சுற்றியது அக்காவுக்கு வாய்க்கரிசி போட. பூமாரிக்கும் அது தெரியும். அவன் கழுத்தில் அவள் கை இறுகியது.

முன்வரிசையில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பைசான் போனைத் தாழ்த்தினான்.

"இறக்கி விடு தம்பி. போதும். கணேசா, எந்திரி" என்றாள் பிரேமலதா.

கணேசபாண்டியன் பாதி எழுந்தான்.

"இறக்க மாட்டேன்" என்றான் பேச்சிராஜா. "சாமி, சுத்துனத அவுத்தா சரியாயிருமா?"

ஐயர் முகூர்த்த நேரத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மாமன் கைகளைப் பார்த்தார். "வந்த வழியே திரும்பிப் போய், அப்புறம் மூணு வலம் வா. முடியுமா?"

அவன் அப்போதே திரும்பிவிட்டான்.

பைசான் செருப்பை உதறிவிட்டுக் கூடவே ஓடி வந்தான். "முதுகு நேரா மச்சான். மூச்ச அடக்காத. என் மேலதான் தப்பு. உம்ராவுல காபாவ அப்படித்தான் சுத்துனோம், அந்தப் பழக்கத்துல கையக் காட்டிட்டேன்."

அதைக் கேட்டதும் பூமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத பிள்ள. கனக்குது."

அது இன்னும் மோசமாகிவிட்டது. அவள் குலுங்கினாள், மாலை குலுங்கியது, மணவறையில் மாப்பிள்ளை குலுங்கினான். சிரிக்கிற ஆளைப் பிடிக்க முடியாது, எந்தப் பக்கமும் வழிவார்கள். சுற்றியது அவிழ்ந்தது. புறப்பட்ட இடம் வந்தது. இனிமேல்தான் முதல் சுற்று.

நாதஸ்வரம் திரும்பப் பிடித்தது. முதல் வலம் தெம்பில் போனது. இரண்டாவதில் கைகள் ஆட ஆரம்பித்தன. பட்டு நழுவியது. மூன்றாவதில் கணேசபாண்டியன் எழுந்து வந்து, இரண்டு கைகளையும் பூமாரிக்குக் கீழே விரித்தபடி பின்னாலேயே நடந்தான்.

"தொட்டுராதல" என்று கத்தினாள் பிரேமலதா. "நீ தொட்டா மாமன் தூக்குனதா ஆகாது. தள்ளி நில்லு. தம்பி, இன்னும் நாலு எட்டுதான், வா. வா."

வந்துவிட்டான். மூன்று முடிந்தது. குலவை கூரைக்குப் போனது. ஐயர் மணையைக் காட்டினார். பேச்சிராஜா அதைத் தாண்டி நடந்தான்.

"மாமா, மூணு ஆயிருச்சு."

"தெரியும். இது அக்காவுக்கு."

அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான்காவது சுற்று யார் கணக்கிலும் இல்லை. அது முடிந்ததும் அவளை உட்கார வைத்தான். மெதுவாக, முதுகை வளைக்காமல்.

பந்தியில் பைசான் பேச்சிராஜாவுக்கு ஊட்டிவிட, தலைவாழை இலையில் பாதி காலியானது. பிரேமலதா தானே வந்து அப்பளம் வைத்தாள். பேச்சிராஜா தண்ணீர் டம்ளரைத் தூக்கப் போனான். விரல்கள் அதைப் பிடித்தன. டம்ளர் எழவில்லை. இன்னொரு முறை முயன்றான். இடுப்பைக்கூடப் பின்னால் தள்ளிப் பார்த்தான்.

"கணேசா, மாமனுக்கு அந்தத் தண்ணியத் தூக்கிக் குடு" என்றாள் பிரேமலதா.

கணேசபாண்டியன் ஒரு கையில் தூக்கினான்.