தவராசா அண்ணன் வந்த தேதி

தவராசா அண்ணன் எங்கள் வீட்டுப் பின்பக்க அறைக்குக் குடிவந்தது 1990 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை. நினைவிலிருந்து சொல்லவில்லை. டைரியில் இருக்கிறது. ஒரு பெட்டி, ஒரு குடை, அட்டை கிழிந்த உலக வரைபடப் புத்தகம் ஒன்று. அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மாலை வகுப்பில் தாவீது மாஸ்டர் தினம் ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தார். அன்றைக்கு நான்கு வரிதான் வந்தது.

பகலில் நான் ஒரகடம் ரோட்டில் ஒரு சின்ன ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஒரு போல்ட் வெளியே போனாலும் சீட்டு எழுத வேண்டும், சீட்டில் அன்றைய தேதி இருக்க வேண்டும். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மாடியில் டைப்ரைட்டிங்கும் இங்கிலீஷும் படித்தேன். இரண்டிலும் நான் கெட்டிக்காரி இல்லை. தப்பு அடிக்காமல் இருக்க மெதுவாக அடிப்பேன், அவ்வளவுதான்.

அப்பா சுப்பிரமணி அப்போது அவர் கட்சியின் கிளைச் செயலாளர். யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்த புவியியல் வாத்தியார் ஒருவர் தங்க இடம் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, அவரே போய்ச் சைக்கிளில் பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வாடகை வேண்டாம் என்றுவிட்டார். பதிலுக்கு, வாலாஜாபாத்தில் கூட்டம் போட்டால் வாத்தியாரை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போடுவார். ஈழத்துக்கு ஆதரவாகப் பேசுகிற கட்சிக்கு ஈழத்திலிருந்து ஒரு ஆள் மேடையில் இருப்பது பெருமை. தவராசா அண்ணன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். மொத்தம் ஆறு சால்வை. மழைக்காலத்தில் அம்மா அவற்றில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவருடைய தமையன் கனடாவில் மொன்றியால் நகரத்தில் இருந்தார். கடிதம் மாதம் ஒன்று வரும். அதில் பாதி அந்த ஊர் அரசியல். கியூபெக் என்று ஒரு மாகாணம், பிரெஞ்சு பேசுகிறவர்கள்தான் அங்கே அதிகம். தங்களைத் தனிச் சமூகமாக ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்று போன ஜூனில் கைகூடாமல் போய்விட்டதாம். அந்த ஒப்பந்தச் சண்டையில் மத்திய மந்திரி ஒருவர் பதவியை விட்டார், சில எம்.பி.க்கள் கட்சியை விட்டார்கள், எல்லோரும் சேர்ந்து புதுக் கட்சி தொடங்கப் போகிறார்கள், பிரிவதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு வரலாம் என்று எழுதியிருந்தார். தவராசா அண்ணன் இதை வாசித்துக் காட்டும்போது அப்பா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"கட்சிய வுட்டவன் லெட்டர் எழுதிக் குடுத்துட்டா போனான்?"

"ஓம். ராஜினாமாக் கடிதம். பேப்பரிலயும் வந்ததாம்."

"தேதி போட்டு?"

"தேதி போடாமல் எப்பிடி?"

அப்பா வெகுநேரம் சிரித்தார். "இன்னா வாத்தியாரே, அந்த ஊர்ல பொழைக்கத் தெரியாதவனுங்களா கீறானுங்க" என்றார். ஆனாலும் அடுத்த கூட்டத்தில், பிரெஞ்சுக்காரன் ஓட்டுப் போட்டுத் தனிநாடு கேட்கிறான், தமிழன் கேட்டால் குற்றமா என்று முழங்கினார். அந்த வரியை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கைதட்டல் வந்தது.

பிப்ரவரியில் தமையன் எழுதிய கடிதம் வேறு மாதிரி இருந்தது. குடியேற வரும் வெளிநாட்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தில் பெரும்பகுதியை மத்திய அரசு அந்த மாகாணத்துக்கே கொடுத்துவிட்டது, கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்தாலும் உதவும், உடனே விண்ணப்பம் போடு என்று இருந்தது. பிரெஞ்சுப் பாடக் கேசட்டும் அனுப்பியிருந்தார். தாவீது மாஸ்டரிடம் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கிக் கொடுத்தேன். காலையில் பின்பக்க அறையிலிருந்து அவர் வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்கும். அம்மா முதலில் ஜெபம் என்று நினைத்தாள்.

மார்ச் 9, சனிக்கிழமை, விண்ணப்பத்தை டைப் அடித்தேன். இந்த முகவரியில் எப்போதிலிருந்து வசிக்கிறீர்கள் என்று ஒரு கட்டம். ஆகஸ்ட் 19, 1990 என்று அடித்தேன்.

மே 21 அன்று முன்னாள் பிரதமர் கொல்லப்பட்ட மைதானம் எங்களூரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்கூட இல்லை. அதைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் இருந்த கொடிக்கம்பத்தை வெட்டிச் சாய்த்தார்கள். வெட்டியவர்களில் இரண்டு பேர் அப்பாவை மாமா என்று கூப்பிடுகிறவர்கள். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு கரைத்து, பக்கச் சுவரில் கட்சி எழுதியிருந்ததையெல்லாம் அவரே அடித்து மறைத்தார். ஒரு பூச்சுக்கு மறையவில்லை. மூன்று பூச்சு அடித்தார். மேடைப் படங்களை அடுப்பில் போட்டார்.

தவராசா அண்ணன் வெளியே வருவதை விட்டுவிட்டார். கேசட் சத்தமும் நின்றது.

ஜூன் முதல் வாரத்தில் முனிரத்தினம் வந்தார். எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர் அவர். பதினைந்து வருஷமாக அப்பாவோடு பேசாதவர். காபி குடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஓர் உறுப்பினர் அட்டையை எடுத்து அப்பா பேரை எழுதினார். சேர்ந்த தேதி என்ற இடத்தில் 10-1-91 என்று போட்டார். எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேருக்கு அதே தேதியில் அட்டை. இங்கே கட்சி மாறினால் அப்படித்தான் செய்வார்கள். இன்றைய தேதி போட்டால் பயந்து வந்தவன் என்று பேராகிவிடும். முன்தேதி போட்டால் முதலிலிருந்தே இருந்தவன்.

"ஜனவரியிலயே வந்துட்டேன், எனக்கே தெரியாம" என்று அப்பா அம்மாவிடம் அட்டையைக் காட்டினார். மே மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

ஜூன் 15 ஓட்டுப்பதிவு. அப்பா புதுக் கட்சித் துண்டோடு பூத்தில் நின்றார். அதே ஜூன் 15இல் கியூபெக்கில் அந்தப் புதுக் கட்சியை முறைப்படி தொடங்கினார்கள் என்று பிறகு கடிதம் வந்தது. இரண்டையும் டைரியில் அடுத்தடுத்து எழுதினேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது.

ஜூன் 24, திங்கட்கிழமை, நேர்காணல் கடிதம் வந்தது. ஜூலை 16, டெல்லி. வீட்டுக்காரரிடமிருந்து, எந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறார், நடத்தை எப்படி என்று கையெழுத்திட்ட சான்று கொண்டுவர வேண்டும். வெளியே தங்கியிருக்கும் இலங்கைக்காரர்கள் போலீஸில் பதிந்துகொள்ள வேண்டும், பொறுப்பேற்க ஆள் இல்லாதவர்களை முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கடிதம் ஒன்றுதான் அவருக்கு முகாமைத் தவிர இருந்த வழி.

அப்பா எட்டு நாள் பிடிகொடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் என்னை வகுப்புக்குப் போகும்முன் நிறுத்தி, சான்றை எப்படி அடிக்க வேண்டும் என்று சொன்னார். ஜூன் 1, 1991 முதல் குடியிருக்கிறார். அதற்கு முன் எனக்குப் பழக்கமில்லை. நடத்தை நல்லது.

"வந்தது ஆகஸ்டுல. விண்ணப்பத்துல அப்படித்தான் அடிச்சிருக்கேன்பா."

"ஆகஸ்டுன்னு போட்டா, அந்த நேரத்துல அவன என் வூட்ல வெச்சிருந்தேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. என்னைக் கூப்ட்டு இன்னான்னு கேப்பான் தெரியுமா?"

"ரெண்டு தேதியும் வேற வேறயா இருந்தா..."

"டெல்லிலகீற வெள்ளக்காரனுக்கு ஆகஸ்டு இன்னா, ஜூன் இன்னா? தேதின்றது நாம போடறதுதான். அடிச்சிக்கினு வா."

அவர் பொய் சொல்லி அண்ணனைக் கெடுக்க நினைக்கவில்லை. இதை நான் எழுதியாக வேண்டும். முன்தேதி போட்ட அட்டை அவரைக் காப்பாற்றியிருந்தது. பின்தேதி போட்ட சான்று இருவரையுமே காப்பாற்றும் என்று நம்பினார். ஸ்டோர்ஸில் ஒரு சீட்டின் தேதியைத் திருத்தினாலே எனக்கு மெமோ வரும். எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அடித்தேன். ஒரு தப்புகூட இல்லாமல் வந்தது.

அப்பா கையெழுத்துப் போட்டார். தவராசா அண்ணன் அதை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். சான்றே இல்லாமல் போவதைவிட இது மேல் என்று அவரும் நினைத்திருக்கலாம். "பெரிய உதவி" என்று அப்பாவிடம் சொன்னார்.

ஜூலை 20 திரும்பி வந்தார். அதிகாரி நல்ல மனுஷிதானாம். அவர் பிரெஞ்சு பேசியதைக் கேட்டுப் பாராட்டினாளாம். பிறகு விண்ணப்பத்தையும் சான்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு தேதிகளின்மேலும் பென்சிலை வைத்து, எது உண்மை என்று கேட்டாளாம். ஆகஸ்ட் என்றாராம். அப்படியென்றால் வீட்டுக்காரர் ஏன் இப்படி எழுதினார்? அண்ணனுக்குப் பதில் தெரியும். பிரெஞ்சில் சொல்லத் தெரியவில்லை. இங்கிலீஷில் சொல்ல மனம் வரவில்லை. இதைச் சொல்லும்போது அவர் என்மேல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் படவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை, தபால் வந்தது. தகவல்கள் முரண்படுவதால் நிராகரிக்கப்படுகிறது. அதே வீட்டில் வசிக்கும் வயது வந்த வேறொருவர், சரியான தேதியைத் தன் கையெழுத்தில் முப்பது நாட்களுக்குள் உறுதிசெய்து தபாலில் போட்டால் மீண்டும் பரிசீலிக்கப்படும்.

வயது வந்த வேறொருவர் என்றால் அம்மா அல்லது நான். அம்மாவுக்குக் கைநாட்டுதான். எனக்கு இருபத்தொரு வயது. டைரியும் என்னிடம் இருந்தது.

அன்று மாலையே டைப் அடித்தேன். ஆகஸ்ட் 19, 1990, ஞாயிறு முதல். கீழே என் பெயர், காவேரி. கையெழுத்துக்கு இடம் விட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். மறைத்துச் செய்ய எனக்கு வராது.

அப்பா கத்தவில்லை. முனிரத்தினத்தின் ஆட்களே யாரை மாட்டிவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். பக்கத்து ஊரில் ஒருவரை ஒரு பழைய போட்டோவுக்காக நான்கு நாள் வைத்து விசாரித்தார்கள் என்றார். கடைசியாக, "அப்பன் பொய்யன்னு பொண்ணே கையெழுத்துப் போட்டுத் தருது. போடு" என்று பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். போடவில்லை.

ஆகஸ்ட் 29 காலையில் முகாமுக்கு ஏற்றிப் போக வேன் வந்தது. போலீஸுக்கு யார் எழுதிப் போட்டார்கள் என்று தெரியாது. அப்பா இல்லை என்றுதான் நம்புகிறேன். சத்தியம் செய்ய முடியாது. தவராசா அண்ணன் பெட்டியையும் குடையையும் வெளியே வைத்திருந்தபோது அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேதியைச் சரிபார்த்தார். கீழே பார்த்தார்.

"கையெழுத்து இல்லையே, தங்கச்சி."

"அப்பாவைக் கூப்பிட்டு விசாரிப்பாங்கண்ணே."

"ஓம். விசாரிப்பினம்தான்."

பெட்டியைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். டெல்லி முகவரி எழுதி, தபால்தலை ஒட்டித் தயாராக இருந்தது. தாளை மடித்து அதற்குள் வைத்து, ஒட்டாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஏழாம் தேதிவரைக்கும் நாள் இருக்கு. போட ஏலுமெண்டா போட்டு அனுப்புங்கோ. ஏலாதெண்டா விடுங்கோ, நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

வேனுக்குள் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. அவர் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தார். டிரைவர் டீ குடித்துவிட்டு வரும்வரை பத்து நிமிஷம் வேன் அங்கேயே நின்றது. நானும் நின்றேன்.

செப்டம்பர் 2 அன்று அவர் தமையனின் கடிதம் வந்தது. முகாம் முகவரி எழுதித் திருப்பி அனுப்பினேன்.

செப்டம்பர் 7, சனிக்கிழமை. சாப்பாட்டுப் பையில் கவரை வைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஸ்டாக் எடுப்பு. ரேக் ரேக்காக எண்ணி, எண்ணியதை எழுதி, எழுதியதை மறுபடி எண்ணிச் சரிபார்த்தோம். பன்னிரண்டு மணிக்குச் சூப்பர்வைசரிடம் அரைமணி பர்மிஷன் கேட்டால் கொடுத்திருப்பார். தபால் ஆபீஸ் நடந்து போகிற தூரம்தான், ஐந்து மணிவரை திறந்திருக்கும். நான் கேட்கவில்லை. மூன்று மணிக்கு எட்டாவது ரேக்கில் வாஷர் எண்ணிக்கையில் நான்கு குறைந்தது. அதைக் கண்டுபிடிக்க ஐந்தரை ஆகிவிட்டது.