ஹாரன் மாற்றியது

"சாய்ங்க... இன்னும் கொஞ்சம் சாய்ங்க... ஐயோ போதும், கண்ணாடி உடையப் போகுது!"

எதிர்வீட்டுக்காரர் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தபடி, படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுவிட்டார். மறுமுனையைப் பிடித்திருந்த தம்பி கேரவனுக்குள்ளே, அடுப்பு மேடைக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். அம்மாவைக் கிடத்துவதற்கு முன்னால் வெறும் ஸ்ட்ரெச்சரை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அந்த வெறும் ஸ்ட்ரெச்சரே வளைவில் திரும்ப மாட்டேன் என்றது.

"அப்போ கட்டில் எப்படிங்க உள்ள போச்சு?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"கட்டிலை உள்ளேயே வச்சு செஞ்சாங்க" என்றார் மருமகன். "அத்தை உள்ள போறதுக்குத்தான் யோசிச்சாங்க. வெளிய வர்றதுக்கு யாரு யோசிச்சா?"

அவர் மனைவி, அம்மாவின் மகள், வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. காலையில் வழக்கம்போல டீ எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியவள் அவள்தான். இரண்டு முறை தட்டினாள். "எனக்கு வேலைக்கு நேரமாகுதும்மா, எந்திரி" என்று சத்தம் போட்டாள். பிறகுதான் கதவைத் திறந்தாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அம்மாவிடம் கடைசியாகச் சொன்னது 'வேலைக்கு நேரமாகுது' என்பது அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அம்மா இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய் இந்தப் பழைய கேரவனில் போட்டாள். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே. நாலு வருஷம் அப்பாவும் அவளுமாகச் சுற்றினார்கள். அப்பா போனபிறகு அதை ஓட்டிக்கொண்டு வந்து மகள் வீட்டுப் பக்கவாட்டில், சுவரை ஒட்டி நிறுத்தினாள். வீட்டுக்குள் அறை இருக்கிறது, வா என்றால் வரமாட்டாள்.

"இது வண்டி இல்லடி, வீடு" என்பாள்.

"வீடுன்னா எதுக்கும்மா வருஷா வருஷம் ஆயில் மாத்தணும்?"

"உன் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறதில்லையா? அந்த மாதிரிதான்."

அம்மாவிடம் பேசி ஜெயிக்க முடியாது.

"பின்னால ஒரு பெரிய கதவு இருக்கே" என்றார் எதிர்வீட்டுக்காரர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "அதைத் தொறந்தா நேரா எடுத்துடலாம்."

"அது சுவத்துல முட்டிட்டிருக்கு. வண்டியை ஒரு ஆறடி முன்னால எடுத்தாத்தான் தொறக்க முடியும்."

தம்பி ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான். ஏழு மணி நேரம் பயணம் செய்து வந்தவன், இன்னும் ஷூகூடக் கழற்றவில்லை. கண்கள் சிவந்திருந்தன. கேரவனை மேலும் கீழும் பார்த்தான்.

"எடுக்கிறதுதான் எடுக்கிறோம், அம்மாவை எதுக்கு இறக்கணும்? இதுலயே கொண்டு போயிடலாம்" என்றான். "அம்மாவுக்கு வேற எந்த வண்டி சரிப்படும், சொல்லுங்க."

சுற்றி நின்ற எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. ஆமா ஆமா என்றார்கள். எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவள் மட்டும் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"அது ரொம்ப நாளா நின்னுட்டிருக்குடா" என்றாள். "இந்த நேரத்துல நடுத்தெருவுல மக்கர் பண்ணிட்டா? ஆறடிதானே, எல்லாருமாச் சேர்ந்து தள்ளிடலாம்."

"தள்ளுறதா? எதுக்குக்கா தள்ளணும்? போன வருஷம்தானே பேட்டரி மாத்தினே. டயர் மாத்தினே. ஓடாம எங்க போகும்?"



ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் அவள் ஒரு தாளில் பட்டியல் போடுவாள். வரி, இன்சூரன்ஸ், ஆயில் மாற்றியது, பேட்டரி மாற்றியது, கூரைக் கசிவு அடைத்தது, டயர் இரண்டு. அதைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினால் மறுநாளே மொத்தப் பணமும் வந்துவிடும். 'நீ கூட இருந்து பாத்துக்கிறே, செலவாவது என்னோடதா இருக்கட்டும்' என்பான். ஒரு நாளும் ரசீது கேட்டதில்லை. முதல் வருஷம் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தாள். இரண்டாம் வருஷம் கணவருக்கு வேலை போயிற்று, மகளுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டியிருந்தது. வரியும் இன்சூரன்ஸும் கட்டாவிட்டால் ஆள் தேடி வருவான், அதை மட்டும் கட்டினாள். மற்றதெல்லாம் தாளில் மட்டும் நடந்தது. நின்ற இடத்தில் நிற்கிற வண்டிக்கு என்ன டயர், என்ன ஆயில்? அடுத்த வருஷம் கணவருக்கு வேலை கிடைத்துவிட்டது. பட்டியல் நிற்கவில்லை. மூன்று வேளையும் அம்மாவுக்குச் சமைத்துப் போடுகிறவள் நான், அவன் பணம்தானே அனுப்புகிறான் என்று ஒரு நியாயமும் தயாராக இருந்தது. கடைசியாக அனுப்பிய பட்டியலில் தொகை கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. சமையலறையில் உட்கார்ந்து, பேனாவைக் கடித்து யோசித்து, கடைசியில் 'ஹாரன் மாற்றியது' என்று ஒரு வரி சேர்த்தாள். அந்த ஹாரன் சளி பிடித்த பூனை மாதிரிதான் கத்தும். அதனால் எழுதும்போதே லேசாகச் சிரிப்புக்கூட வந்தது.

"உன் லிஸ்ட்டை அப்படியே அம்மாவுக்கும் அனுப்பிடுவேன்க்கா" என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். "பாரும்மா, உன் பொண்ணு உன் வீட்டை எப்படிப் பாத்துக்கிறான்னு."

"யாருக்கு அனுப்புவே?"

"அம்மாவுக்குத்தான். வருஷா வருஷம். ஏன், அம்மா உன்கிட்ட சொல்லலையா?"

அவள் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா எல்லாப் பட்டியலையும் பார்த்திருக்கிறாள். மாற்றாத டயரையும் அடைக்காத கூரையையும் வருஷா வருஷம் படித்துவிட்டு, அந்தக் கூரைக்குக் கீழேயே படுத்திருக்கிறாள். இரண்டாம் வருஷம் மழையில் ஒரு நாள், "மேல ஒழுகுதுடி" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். "பாத்துக்கலாம்மா" என்றாள் இவள். அடுத்த மழைக்கு அம்மா எதுவும் சொல்லவில்லை. பழகிவிட்டது போல என்று இவளும் விட்டுவிட்டாள். பெற்ற தாயின் பெயரைச் சொல்லித் திருடியிருக்கிறோம், அது தெரிந்தே தாய் தினமும் சிரித்த முகமாக டீ வாங்கிக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தபோது எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"மெக்கானிக் அண்ணனைக் கூப்பிடுங்க" என்றான் தம்பி. "அவர்கிட்டதானே எல்லா வேலையும் விட்டிருப்பே?"

தெருமுனையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் ஏற்கெனவே கேட்டுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் பிள்ளைகள் இரண்டும் அம்மாவின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள். அம்மா தினமும் பகலில் அவர் ஒர்க்ஷாப்பில்தான் போய் உட்கார்ந்திருப்பாள். அதற்காக மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. 'கிரீஸ் நாத்தத்துல உக்காந்து அப்படி என்னம்மா கதை? பாக்கிறவங்க, பொண்ணு வீட்ல சேர்க்கலையோன்னு நினைக்க மாட்டாங்களா?' அதற்கு அம்மா, 'அங்க ஃபேன் நல்லா ஓடுதுடி' என்பாள்.

மெக்கானிக் உள்ளே வந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். மூன்று வருஷமாக ஒரு போல்ட்டுக்குக்கூட அவள் அவரிடம் போனதில்லை. அவர் வாயைத் திறந்தால் போதும், எல்லார் முன்னாலும் மானம் போய்விடும். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"சாவி எப்பவும் இருக்கிற இடத்துலதானே?" என்று மட்டும் கேட்டார். யாரும் சொல்வதற்கு முன்பே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, முன் கண்ணாடிக்கு மேலிருந்த வெயில் மறைப்புக்குப் பின்னால் கையை விட்டு எடுத்துக்கொண்டார்.

தம்பி கீழே குனிந்தான். வெயில் படக்கூடாது என்று அம்மா வண்டியைச் சுற்றி, சக்கரங்களை மறைத்துத் தரைவரை தார்ப்பாய் கட்டி வைத்திருந்தாள். அவன் கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கினான். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"பளபளன்னு இருக்கே!" என்றான் தம்பி.

அவள் கண்களைத் திறந்தாள். டயர்கள் கறுப்பாக இருந்தன. வெடிப்பு இல்லை. புது ரப்பரில் இருக்கும் மெல்லிய முடிகள்கூட உதிராமல் நீட்டிக்கொண்டிருந்தன.

மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. இருமவில்லை, திக்கவில்லை, தினமும் வேலைக்குப் போகிற வண்டி மாதிரி சீராக ஓடியது.

"அடேங்கப்பா!" என்றார் எதிர்வீட்டுக்காரர். "எங்க காரே இப்படி ஸ்டார்ட் ஆகாதுங்க."

தம்பி அவள் தோளில் கை வைத்து ஒரு முறை அழுத்தினான். அந்தக் கையின் கனத்தை அவளால் தாங்க முடியவில்லை.

வண்டியை முன்னால் எடுத்து, பின் கதவைத் திறந்து வைத்தார்கள். அம்மாவைக் கட்டிலிலேயே நேராகக் கிடத்தினார்கள். ஆண்கள் கயிறு வாங்க, பூ வாங்க என்று கலைந்த நேரத்தில் அவள் முன்பக்கம் போனாள். மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றாள். டயரைக் காட்டினாள். "இதெல்லாம் யாரு...?"

அவர் துணியை மடித்தார். மறுபடியும் விரித்தார்.

"அம்மா ஃபோன்ல லிஸ்ட்டைக் காட்டுவாங்கம்மா. அதுல இருக்கிறபடி செஞ்சு குடுக்கணும்பாங்க. ஒண்ணுகூட விடக்கூடாதும்பாங்க."

"காசு?"

"காசெல்லாம் இல்ல. பத்து மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் கடையில ஃபோன் எடுத்தாங்க, பில் போட்டாங்க. அதுல கழிச்சுக்கிட்டோம். பொண்ணு வேலைக்குப் போனப்புறம் வந்து செய்ங்க, அவளுக்குத் தெரிய வேண்டாம்னாங்க. நான் ஏன் எதுக்குன்னு கேக்கலம்மா."

பத்திலிருந்து இரண்டு. அந்த நேரத்தில் அவளும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஃபோன்தான் எடுத்துக்கொண்டிருப்பாள். எழுபத்தொரு வயதில் அம்மா, இவள் தாளில் எழுதிய பொய்யை ஒவ்வொரு வரியாக வேலை செய்து மெய்யாக்கிக்கொண்டிருந்தாள். மகள் தம்பியிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. அதற்கும் திட்டு வாங்கியிருக்கிறாள். 'என்னடி இது' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேனே. விழுந்திருப்பேனா? சண்டைக்குத்தான் போயிருப்பேன் என்று அவளுக்கே தெரிந்தது.

"தம்பிகிட்ட நான் எதுவும் பேச மாட்டேன்" என்றார் மெக்கானிக். "அதையும் அம்மா சொல்லியிருக்காங்க."

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். பின்னால் கட்டிலருகே அவள் உட்கார்ந்தாள். எதிரில் கணவர். தம்பி முன்னால், மெக்கானிக்குக்குப் பக்கத்து இருக்கையில். அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். பழைய நீர்க்கறை ஒன்று வட்டமாகத் தெரிந்தது. அதன் நடுவில் வெள்ளைப் பசை பூசி, நேர்த்தியாக வழித்து விட்டிருந்தது. ஜன்னலோரம் அம்மா தண்ணீர் பிடிக்க வைத்திருந்த பாத்திரத்தில் இப்போது துணி மாட்டும் கிளிப்புகள் கிடந்தன.

பட்டியலை வரிவரியாக நினைத்துப் பார்த்தாள். ஆயில். பேட்டரி. கூரை. டயர். கடைசி வரி மட்டும் மிச்சம் இருந்தது. அது போன மாதம் அனுப்பியது. அதற்குள் எங்கே? அது மட்டுமாவது பொய்யாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஒன்றாவது அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்கட்டும்.

வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. ஒர்க்ஷாப் வாசலில் வேலையாட்கள் எழுந்து நின்றார்கள். அம்மா பஸ் ஓட்டிய காலத்தில், பிள்ளைகளை இறக்கிவிட்ட ஒவ்வொரு வாசலிலும் இரண்டு முறை சின்னதாக ஹாரன் அடித்துவிட்டுத்தான் நகர்வாள். உங்க பிள்ளை வந்தாச்சு, கதவைத் திறங்க என்று அர்த்தம்.

மெக்கானிக் வேகத்தைக் குறைத்தார். இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

கணீரென்று கேட்டது.

தம்பி இருக்கையிலிருந்து திரும்பினான். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவன் முகம்.

"ஹாரனைக்கூட விடலையேக்கா நீ" என்றான். "நானா இருந்தா இதையெல்லாம் யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டிருப்பேன்."

"ம்" என்றாள் அவள்.

வண்டி திரும்பியபோது அம்மாவின் கால் பக்கம் போர்வை விலகியது. இழுத்து மூடினாள். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் விலகியது. இழுத்து மூடி, ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மயானம் வந்து, வண்டி நின்று, எல்லோரும் இறங்கிய பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.