மூன்றாவதாகக் காட்டிய வீடு

வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது நான் சீட்டில் தாழ்ந்து உட்கார்ந்துகொண்டேன். வீடு வாங்க நினைக்கிறவர்களை ஞாயிற்றுக்கிழமைதோறும் வேனில் ஏற்றி, நாலைந்து வீடுகளைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. அன்றைக்கு மூன்றாவது வீடு, நான் குடியிருக்கும் வாடகை வீடு. விற்றுத்தரச் சொல்லி வீட்டுக்காரர் எங்கள் கம்பெனியிடமே கொடுத்துவிட்டார். உலகத்தில் வேறு கம்பெனியே இல்லை பாருங்கள்! "நீ அங்க குடியிருக்கேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. ஏதோ உள்குத்துன்னு ஓடிருவாங்க" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மகள் 'அப்பா' என்று கூப்பிட்டுத் தொலைப்பாளே என்று அவளைக் காலையிலேயே பெரியம்மா வீட்டில் விட்டாயிற்று. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் தையல் மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். அதுதான் எனக்குப் பயம். அவள் தையல் இந்தத் தெருவை நம்பித்தான் ஓடுகிறது. இதைக் காலி செய்தால், நாங்கள் கொடுக்கிற வாடகைக்கு இந்தப் பக்கம் எலிப்பொந்துகூடக் கிடைக்காது.

கதவைத் திறந்தவளிடம், "வணக்கம் மேடம், வீடு பாக்க வந்திருக்கோம்" என்றேன். என் வாயா அது என்று எனக்கே இருந்தது.

"வாங்க" என்றாள், என்னையும் சேர்த்து.

கூட்டம் உள்ளே புகுந்தது. ஒருவர் அலமாரியைத் திறந்து, என் சட்டைகளைத் தள்ளிவிட்டு ஆழம் பார்த்தார். மனைவி ஆரம்பித்தாள். "மழை பேஞ்சா இந்தச் சுவரு பூரா ஓதம். தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மாடியில இருக்கறவங்க ராத்திரியெல்லாம் எதையாவது இழுத்துக்கிட்டே இருப்பாங்க."

அத்தனையும் உண்மை. பாவி, நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். ஆனால் இந்த மாதம் எனக்கு ஒரு வீடுகூட விற்று முடியவில்லை. வேலையே ஆட்டம் கண்டிருக்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "சும்மா பூச்சு வேலைதான் சார், ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்" என்றேன்.

"மூணு வருஷமா இதையேதான் சொல்லிட்டிருக்காங்க" என்று என்னைப் பார்த்தாள். சொல்லிக்கொண்டிருந்தது நான்தான்.

பிள்ளைத்தாய்ச்சியான ஒரு டீச்சர் கணவரோடு வந்திருந்தாள். குத்தலாக இல்லை, நிஜமாகவே கேட்டாள். "இவ்வளவு குறை இருக்கே, அப்புறம் ஏங்க காலி பண்ணாம இருக்கீங்க?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பினாள். பொய் சொல்லேன்டி என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவளுக்கு வரவில்லை. "வெளிச்சம்..." என்றாள். "காலையில இந்த ஜன்னல்ல வரும் பாருங்க, ஊசி கோக்க லைட்டே போட வேணாம். பாப்பா இங்கதான் தவழ்ந்துச்சு."

டீச்சர் ஜன்னலையே பார்த்தாள். பிறகு தன் கணவரைப் பார்த்தாள். அவர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மனைவிக்கும்.

"இந்தக் கட்டிலைக் கொஞ்சம் நகத்தினா அளந்துக்கலாம்" என்றார் அவர்.

நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றோம். கட்டிலின் ஆடுகிற காலைத் தரையில் படவிடாமல், யாரும் சொல்லாமலே சேர்ந்து தூக்கினோம்.

"எங்க சார் வைக்கணும்?" என்று மனைவி என்னைக் கேட்டாள்.

கட்டிலைத் தூக்கியபடியே நின்றேன்.