பரஞ்சோதியின் துப்பாக்கி

துப்பாக்கியைப் பழைய சாரத் துணியில் சுற்றி வாசலில் வைத்துவிட்டு, அதைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிடலாம் என்றார் பரஞ்சோதி. அரிசி களைந்துகொண்டிருந்த வாசுகிக்குக் கணவரை நிமிர்ந்து பார்க்கவும் அலுப்பாக இருந்தது.

"மறுபடி கேக்குது வாசுகி. நேத்து பன்னிக்கு ஒக்காந்திருந்தப்ப பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சு. துப்பாக்கிய வீட்டுப் பக்கம் திருப்புன்னுச்சு."

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தக் குரல்தான் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தது. துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்கையில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளை இந்த வீட்டுப் பக்கம் அனுப்புவதை நிறுத்தினார்கள். ஆனால் புக்கிட் செலம்பாவ் ஊரின் அந்த ஒதுக்குப்புறத்தில் உரிமத்தோடு இருந்த துப்பாக்கி இது ஒன்றுதான். அவர் காட்டுப்பன்றி சுட்ட காலைகளில் அதே வீடுகளிலிருந்து இறைச்சிக்குப் பாத்திரங்கள் வந்தன.

செய்தி கேட்டு அவள் அண்ணன் மனோகரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பக்கத்து நிலம் அவனுடையது. அதில் நட்டிருந்த, எண்ணெய் தரும் செம்பனைக் கன்றுகள் இப்போதுதான் வேர் பிடித்திருந்தன. துப்பாக்கி போனால் திரும்ப வராது, வேறு எவனுக்கும் உரிமம் கிடைக்காது, பன்றிகள் குருத்தைத் தோண்டித் தின்றுவிடும் என்று நெடுநேரம் எடுத்துச் சொன்னான். பிறகு சிரித்தான்.

"ஒனக்கு ஒண்ணுமில்லலா மச்சான். இன்னொரு தடவ கூப்புட்டா, பன்னி எங்க நிக்குதுன்னு அதுகிட்டயே கேளு."

பரஞ்சோதியும் சிரிக்க முயன்றார். ஊரே நோயாளி என்று ஒதுக்கியபோதுகூட அவர் இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று வாசுகிக்குத் தோன்றியது. அவர்களுடைய கன்றுகளும் அதே பருவம்தான். அண்ணன் சொன்னதில் பொய்யில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு தோட்டாக்களைக் கைப்பையில் போட்டாள்.

"நவுருண்ணே. எங்க மோட்டார எடுக்கணும்."

போலீஸ் நிலையத்தில் இருந்த மலாய்க்கார சார்ஜனுக்கு அவர்களைத் தெரியும். உரிமம் முடிய இன்னும் காலம் இருக்கிறதே என்றார். பரஞ்சோதி மலாய் மொழியில், தலைக்குள் சத்தம் கேட்கிறது என்றார். சார்ஜன் சங்கடத்தோடு வாசுகியிடம் திரும்பி, உண்மைதானா என்று கேட்டார். இதுவரை யாரிடமும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"பெத்துல், என்சே," என்றாள். உண்மைதான், ஐயா.

சார்ஜன் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் மருத்துவமனைக்குப் போவதென்று முடிவாயிற்று. திரும்பும் வழியில் வாசுகிதான் மோட்டார் சைக்கிளை ஓட்டினாள். வீட்டு முன்னால் மனோகரனோடு அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் காத்து நிற்பது தொலைவிலேயே தெரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பரஞ்சோதி உறங்கிப்போயிருந்தார். அவருடைய தலை அவள் முதுகில் கனத்துக் கிடந்தது. அவர் விழித்துவிடாதபடி அவள் வேகத்தைக் குறைத்தாள்.