காலிக் கட்டங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த வார்டில் நாற்பத்திரண்டு உடம்புகளைத் துடைக்க ஆரம்பிக்க வேண்டும். வெந்நீர் வாளி இரண்டு, துண்டுகள், சோப்பு, மாணவிகள் இருவர். ஒருத்தி நோயாளியைப் பக்கவாட்டில் புரட்டிப் பிடிப்பாள். மற்றவள் முதுகைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, அழுக்கு விரிப்பைச் சுருட்டித் தள்ளிக்கொண்டே புதியதை அடியில் செருகுவாள். பத்தாவது கட்டிலில் இடுப்பு என்று ஒன்று இருப்பது தெரியும். இருபதாவது கட்டிலில் அது மரத்துப்போய்த் தொந்தரவு தராது.

இதற்குப் பெயர் பயிற்சி. கல்லூரியின் வண்ணக் கையேட்டில் "நோயாளிகளுடன் நேரடி அனுபவம்" என்று போட்டிருந்தார்கள். முன்பு இந்த வார்டில் ஷிப்டுக்கு ஐந்து நர்ஸ்கள் இருந்தார்கள். மாணவிகளின் அனுபவம் பெருகப் பெருக நர்ஸ்கள் குறைந்து, இப்போது வார்டு சிஸ்டர் ஒருத்திதான் மிச்சம்.

துடைத்து முடித்ததும் சார்ட். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு. முதல் மூன்றுக்கும் கருவி உண்டு. மூச்சுக்கு மட்டும் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டும். நிற்க யாருக்கும் நேரமில்லை. ஆகவே எல்லோருக்கும் "இருபது" என்று எழுதிவிடுவார்கள். ஆஸ்துமாக்காரருக்கு இருபது, குறட்டை விடுபவருக்கு இருபது. போன மாதம் முப்பதாம் கட்டில்காரர் இறந்து முக்கால் மணி நேரம் ஆன பிறகும் நிமிடத்துக்கு இருபது வீதம் மூச்சு விட்டிருந்தார்.

இந்த இருபதை ஒழிப்பதற்காகவே பிறந்தவள் போல நடந்துகொண்டாள் நர்சிங் டீச்சர். மாணவிகள் வைத்த பட்டப்பெயர் "ஒரு நிமிஷம்". அவளுடைய வகுப்பு நாற்காலியில் நடக்காது. ஒரு மாணவியைக் கட்டிலில் படுக்கவைத்து, ஒரு மணி நேரம் புரளக் கூடாது, மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது என்பாள். எழுந்ததும், "முதுகு எங்கடி எரியுது? அங்கதான் அவங்களுக்கும் புண்ணு வரும்" என்பாள். படுத்திருப்பவளின் மூச்சை ஆறு பேர் எண்ண வேண்டும். ஆறு விதமான விடை வந்தால் ஆறு பேரும் மறுபடி எண்ண வேண்டும். மூன்று வருடமாக இப்படியே தொண்டை வறளக் கத்தினாள். சார்ட்டில் இருபது அசையவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பதினேழாம் கட்டிலில் இருந்தவர் ஒரு தச்சர். ஆறே முக்காலுக்கு அவருக்கும் இருபது. ஒன்பது மணிக்கு உதடு நீலமாகி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியது. சாயங்காலமே கடிதம் தயார்: சார்ட் எழுதிய மூன்றாம் ஆண்டு மாணவியின் கவனக்குறைவு, வியாழக்கிழமை விசாரணை, அதன் பிறகு நீக்கம். விசாரிப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதி வைப்பதில் நிர்வாகத்தின் வேகம் வார்டில் யாருக்கும் வராது.

அந்த மாணவி வகுப்பிலேயே உயரமானவள், அதனால் "நெட்டை". இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. விரிப்புகள் அடுக்கும் அறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கோபமாகத்தான் நுழைந்தாள்.

"ஏன்டி எண்ணல?"

"எண்ணல மேடம்."

"அதான் கேக்குறேன், ஏன்?"

"நாப்பத்திரெண்டு பேருக்கு நாப்பத்திரெண்டு நிமிஷம் வேணும். தொடைச்சு முடிச்சப்போ டாக்டர் வர பதினெட்டு நிமிஷம்தான் இருந்துச்சு. ஒரு நிமிஷம் எண்ணணும்னு சொல்லிக் குடுத்தீங்க. அந்த நிமிஷத்துக்கு எங்க போறதுன்னு சொல்லிக் குடுக்கலயே?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. மூன்று வருடமாகத் திட்டியதெல்லாம் தப்பான பக்கம் பார்த்துத் திட்டியது. பக்கத்திலிருந்த தலையணையை ஓங்கி ஒரு குத்து விட்டாள். அது செத்த தலையணை, சத்தம்கூட வரவில்லை.

மறுநாள் வகுப்பில் பலகையில் சார்ட்டை வரைந்தாள்.

"யாருக்கு மூச்சு வாங்குதோ அவங்கள முதல்ல எண்ணுங்க. எண்ணினா எழுதுங்க. எண்ணலன்னா கட்டத்த காலியா விட்டு, பக்கத்துல 'எண்ண ஆள் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. டாக்டர் வந்தா வாய்விட்டுச் சொல்லுங்க."

"மேடம், வேலைய விட்டுட்டு நேரா வெளிய போய் உக்காந்துட்டா என்ன?" என்றாள் வாயாடி. வகுப்புக்கு ஒரு வாயாடி இருப்பாள், இவள் இரண்டு பேருக்குச் சமம்.

"அப்ப கட்டில்ல கெடக்குறவங்க?"

வாயாடி வாயை மூடி நோட்டைத் திறந்தாள். வரலாற்றில் முதல் முறை.

புதன்கிழமை காலை பதினாறு பேருக்கு எண்ணிக்கை, இருபத்தாறு காலிக் கட்டங்கள். எண்ணியதில் ஒரு கிழவருக்கு முப்பத்திநாலு வந்தது. உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். நிர்வாகியை முப்பத்திநாலு பாதிக்கவில்லை, இருபத்தாறுதான் பாதித்தது. அடுத்த வாரம் தரச்சான்றிதழ் தரும் குழு வருகிறது. டீச்சரைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது?"

"சார்ட் சார்."

"காலியா கெடக்கு!"

"வார்டும் அப்படித்தான் சார் கெடக்கு."

"இருபதுன்னு போட்டா யாருக்கு என்ன குறைஞ்சுது?"

"பதினேழாம் கட்டில்காரருக்கு, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் குரலில் பாசம் சேர்த்தார். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்மா."

"எல்லாக் குடும்பத்துலயும் பாத்திரம் கழுவ ஒருத்தியே மாட்டுறாளே, அந்த மாதிரிக் குடும்பமா சார்?"

பாசம் தீர்ந்தது. ஒரு தாளை நகர்த்தினார். மாணவிக்கு முறையான பயிற்சி அளிக்கப்பட்டது, தவறு அவளுடைய தனிப்பட்ட தவறு என்று இருந்தது. கீழே டீச்சரின் கையெழுத்துக்கு இடம்.

"உங்க ஒப்பந்தம் இந்த மாசம் முடியுது, ஞாபகம் இருக்கா?"

"நீங்க மறக்க விடமாட்டீங்களே. சார், இதுல அந்தப் பதினெட்டு நிமிஷத்தையும் சேத்து எழுதுங்க. போடுறேன்."

கையெழுத்து இடம் காலியாகவே தாள் திரும்பியது. அவள் வராந்தாவுக்கு வந்தாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், வேலை தேடும் கணவர். வீரமாகப் பேசிவிட்டு மாடிப்படி இறங்கும்போதுதான் இவர்களெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வருவார்கள்.

படியின் கீழே வார்டு சிஸ்டர் நின்றிருந்தாள். காலையில்தான் "என் வார்டுல கலகம் மூட்டாத" என்று டீச்சரிடம் எரிந்து விழுந்தவள்.

"போட்டியா கையெழுத்து?"

"இல்லக்கா."

"தச்சரோட சார்ட்ட எடுத்துப் பாத்தேன். அந்த இருபதுக்குப் பக்கத்துல சரிபார்த்ததா என் கையெழுத்தும் இருக்கு. நான் எதையும் பாக்கல. எனக்கு இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ், அவளுக்கு மட்டும் விசாரணையாம்." மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு மத்த வார்டுகள்ல நைட் டூட்டி முடிச்ச நர்ஸுங்களும் வீட்டுக்குப் போகாம நம்மகூட நிப்பாங்க. பிள்ளைங்கள ரெண்டாப் பிரிச்சுடு. பாதி வார்டுல, பாதி விசாரணையில. அர மணிக்கு ஒரு தடவ மாத்திக்கலாம்."

வியாழக்கிழமை பத்து மணி. நீள மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் மூன்று பேர், எதிரே நெட்டைக்கு ஒரே ஒரு நாற்காலி. கதவு திறந்தபோது நெட்டையோடு டீச்சர், மாணவிகள், நர்ஸ்கள் எனப் பதினான்கு பேர் நுழைந்தார்கள். வார்டு சிஸ்டர் வராந்தாவிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து நெட்டையின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒருத்தியத்தான கூப்பிட்டோம்!" என்றார் நிர்வாகி.

"ரெண்டு கையெழுத்து இருக்கு சார். ரெண்டு பேரையும் விசாரிங்க."

பின்னாலிருந்து தச்சரின் மகள் முன்னே வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. "எங்கப்பாவுக்கு இரைக்குதுன்னு சொல்ல ஆளத் தேடி அலைஞ்சேன். இந்தப் பொண்ணுதான் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. இவ மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லல. ஆனா இவள அனுப்பிட்டா நாளைக்கு அங்க யாரு ஓடுவா? அதச் சொல்லுங்க முதல்ல."

அதிகாரிகள் தாள்களைப் புரட்டினார்கள்.

பத்தரைக்குக் கதவு மறுபடி திறந்தது. வார்டிலிருந்து அடுத்த அணி வந்தது, ஏப்ரனில் ஈரம் காயவில்லை. வாயாடி வாசலில் நின்று, நோயாளியை ஒப்படைக்கும் அதே முறையில், தாழ்ந்த குரலில் ஒப்படைத்தாள்:

"விசாரணை மூணாவது கேள்வியில நிக்குது. நெட்டை தெளிவா பேசுறா. ஒரு தடவ அழுதா, தண்ணி குடுத்தாச்சு. சிஸ்டர் நிலையா இருக்காங்க. நிர்வாகிக்கு முகம் செவந்திருக்கு, கவனிக்கணும். வார்டுல?"

"ஒன்பதாம் கட்டிலுக்கு டிரிப் மாத்தணும். மத்தது அமைதி."

ஏழு பேர் வெளியே போனார்கள். ஏழு பேர் உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள்.

நிர்வாகி பேனாவை மேசையில் எறிந்தார். "இந்தக் கூத்து எவ்வளவு நேரம் நடக்கும்?"

"அது உங்க விருப்பம் சார்" என்றாள் டீச்சர். "நாங்க நாளைக்கும் ஷிப்ட் போட்டிருக்கோம்."