சாமியறைப் படமும் முகக் களிம்பும்

ஜப்பானியப் படச்சுருள் நிறுவனம் எக்ஸ்ரே கருவிக்கும் மருந்துக்கும் முகக் களிம்புக்கும் மாறிக்கொண்டதைச் சாதுரியம் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தச் சாதுரியத்தில் நிமலனுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. ஆக்லாந்து மருந்துக்கடைகளில் நின்ற படம் அச்சிடும் இயந்திரங்களைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பழுதுபார்த்தவன் அவன். விரி என்னும் புறநகரில் இருந்த நிறுவனக் கிடங்கில் அவனுடைய பகுதி அடுத்த வார வெள்ளியோடு மூடப்படுகிறது. இல்லாமற்போன இயந்திரங்களின் வைத்தியனை நாற்பத்தொன்பது வயதில் வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

மேலாளர் ஜோசபின் கோலாலம்பூர்க்காரி. அவள்தான் ஒரு வழி சொன்னாள். “திங்கக்கெழமைக்குள்ள முப்பது பேர்கிட்ட களிம்பை டிரை பண்றதா கையெழுத்து வாங்கிட்டு வாங்க நிமலன். ஸ்கின்கேர்ல உங்கள வச்சுக்கலாம். உங்க ஆளுங்க நெறைய இருக்காங்கதானே?”

சனி பிற்பகல் சான்ட்ரிங்ஹாம் மண்டபத்தில், இலங்கைத் தமிழ் மாதர் கழகக் கூட்டம் முடிந்த கையோடு நிமலன் எழுந்து நின்றான். படச்சுருளில் பாதி, தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம். நிறம் மங்காமல் காக்கும் வித்தையை அறுபது ஆண்டுகளாகப் பழகியவர்கள் தோல் மங்காமல் காப்பதில் வியப்பென்ன என்று, இயந்திரத்தைப் பிரித்துக் காட்டுபவனைப் போல நிதானமாக விளக்கினான். வடை தின்றபடி பெண்கள் தலையாட்டினார்கள். பத்துப் பேனாக்கள் வெளியே வந்தன.

“தம்பி, இது மரக்கறிதானே?” என்றாள் தலைவி புஷ்பவதி.

“மீன்தோலில இருந்து எடுக்கிறது அக்கா.”

பேனாக்கள் கைப்பைகளுக்குள் திரும்பின.

“வெள்ளிக்கிழமையில மீனை முகத்தில அப்பிக்கொண்டு விளக்கேத்தச் சொல்லுறீரோ?” புஷ்பவதி கேட்டதும் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்கு அரைகுறையாக விடை சொல்லி நிமலனுக்குப் பழக்கமில்லை, எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

“அக்கா, உங்கட சாமியறையில காலமான அத்தானின்ர படம் இருக்கெல்லே? அந்தப் பளபளப்பு ஜெலட்டின். மாட்டெலும்பை அவிச்சு எடுக்கிறது. அதுக்குத்தானே நாள்தோறும் பூ வைக்கிறியள்? மீன் என்ன பாவம் செய்தது?”

பாதி தின்ற வடைகள் தட்டுகளுக்குத் திரும்பின.

“அந்தப் படத்தை ஆர் அடிச்சுத் தந்தது?” புஷ்பவதியின் குரல் தாழ்ந்திருந்தது.

அவன்தான். செத்தவீடு நடந்த வீடுகளுக்கெல்லாம் முப்பத்தோராம் நாள் சடங்குக்குள் பெரிய படம் அச்சிட்டுச் சும்மா கொடுப்பது அவன் வழக்கம். அதில் அவனுக்குச் சிறிது பெருமையும் உண்டு.

“ஓம், நான்தான்.”

“அண்டைக்கு ஏன் வாய் திறக்கேல்லை?”

“அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லையே அக்கா!”

“எங்கட மாமியின்ர படமும் இவர்தான் அடிச்சவர்,” என்றாள் முன்வரிசையில் இருந்த கண்மணி. “எங்கட அப்பாவின்ரயும்” என்று இன்னொரு குரல். அரைமணி நேரத்துக்குள் அவனுடைய தாளில் இருபத்தேழு பெயர்கள் ஏறிவிட்டன. ஒன்றுகூடக் களிம்புக்கு இல்லை; எல்லாம் ஜெலட்டின் இல்லாத சாதாரணத் தாளில் மையால் அச்சிட்ட மாற்றுப் படத்துக்கு.

திங்களன்று ஜோசபின் அந்தத் தாளை இருமுறை படித்தாள். “போட்டோ செக்‌ஷனை மூடுறோம், நீங்க போட்டோவுக்கு ஆர்டர் எடுத்துட்டு வர்றீங்க! யாரு லா உங்கள எலும்புக் கதை பேசச் சொன்னது?”

“மரக்கறியா எண்டு கேட்டவை.”

“மீன்னு சொன்னீங்க, சரி. மாட்ட யாரு கேட்டா?”

அவள் பெருமூச்சோடு தாளைத் திருப்பி நீட்டினாள். “சாரி நிமலன். வெள்ளிக்கெழமை சாவிய ஆபிஸ்ல குடுத்துடுங்க.”

வாகனத் தரிப்பிடத்தில் கைபேசி அடித்தது. புஷ்பவதி.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமை இவருக்குத் திவசம். அதுக்கு முன்னம் புதுப்படம் வேணும். பழசைக் கழட்டிப்போட்டன், சுவர் வெறுமையாக் கிடக்குது.”

“அக்கா, எனக்கு வேலை போயிட்டுது. வெள்ளியோட சரி.”

மறுமுனையில் நாட்காட்டித் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“அப்ப சனிக்கிழமை உமக்கு நேரம் இருக்குந்தானே?”